125 சி.சி. ஸ்கூட்டர் வீண் செலவு அல்ல

குடும்பத்துக்கு 110 சி.சி. ஸ்கூட்டரே போதும், 125 சி.சி. வீண் செலவு என்று உங்கள் இதழில் கட்டுரையாளர் எழுதியிருப்பது ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்குப் பொருந்தலாம். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டிக்கும், மறுபக்கம் தேவகோட்டைக்கும் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போய்வரும் என்னைப் போன்றவர்களுக்கு அது பொருந்தாது. அண்மையில் வாங்கிய என் 125-இல் நான் முதலில் உணர்ந்தது வேகத்தை அல்ல, இழுவையைத்தான். பேருந்துக்குப் பின்னால் ஐம்பதில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரைச் சற்றே திருகினால், பழைய 110-ஐப் போல இரைச்சல் மட்டும் கூடாமல், வண்டி உடனே முன்னேறுகிறது.

பிரேக்கைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமே. ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் இறுகிவிடுவதைத் தடுக்கும் அமைப்பு) இல்லாத 125 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்ட கூட்டு பிரேக், இடது பிடியை அழுத்தினாலே இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிப்பதால், கானாடுகாத்தான் தெருமுனைகளில் செம்மண்ணும் சரளையும் சிதறிக் கிடக்கும் இடங்களில்கூட வண்டியின் பின்பக்கம் சறுக்குவது குறைகிறது; வயதானவர்களை ஏற்றிச் செல்பவர்களுக்கு இதைவிடப் பெரிய நிம்மதி இல்லை.

குறையும் உண்டு. என் வண்டியில் முன்சக்கரம் 12 அங்குலம், பின்சக்கரம் 10 அங்குலம் என்பதால், பள்ளத்தில் இறங்கும்போது பின்னால் இருப்பவருக்கே அடி அதிகம். வாங்க நினைப்பவர்கள் தனியாக ஓட்டிப் பார்த்து முடிவுசெய்யாமல், வழக்கமாகப் பின்னால் உட்காருபவரையும் அழைத்துச் சென்று, மேடுபள்ளமான சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.