டிராலிபஸ்ஸும் கரண்ட் பஸ்தான் ஐயா

நேற்றிலிருந்து மூன்று பேர் அந்த வீடியோவை எனக்கு அனுப்பிவிட்டார்கள். பார்த்துவிட்டேன், இனி அனுப்ப வேண்டாம். மாஸ்கோவில் அப்போது கம்பிக் காடு, இப்போது சுத்தமான வானம், கீழே புகையில்லாமல் சத்தமில்லாமல் ஒரு நீல எலக்ட்ரிக் பஸ். பின்னணியில் வீர இசை வேறு.

சரி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கம்பிக்குக் கீழே அதுவரை என்ன ஓடிக்கொண்டிருந்தது? மாட்டு வண்டியா?

டிராலிபஸ் ஐயா, டிராலிபஸ். அதுவும் கரண்டில்தான் ஓடியது. அதுவும் புகை விடவில்லை. டிராமுக்குக் கீழே தண்டவாளம் இருக்கிறது, ஒரு கம்பி போதும், மின்சாரம் தண்டவாளம் வழியாகத் திரும்பிவிடும். ரப்பர் டயருக்கு அந்த வழி இல்லை, அதனால் போக ஒன்று, திரும்ப ஒன்று என்று மேலே இரண்டு கம்பி. அந்தக் கம்பிகளைத் தொட்டு மின்சாரம் எடுக்க வண்டி முதுகில் இரண்டு நீளக் கழி. ரஷ்யர்கள் அதைக் கொம்பு என்றுதான் சொல்வார்கள். மாஸ்கோவில் 1933 நவம்பர் 15 அன்று லெனின்கிராத் நெடுஞ்சாலைப் பக்கம் ஆரம்பித்தது, 2020 ஆகஸ்ட் 25 அன்று முடித்துவிட்டார்கள். கிட்டத்தட்ட 87 வருஷம். உலகத்திலேயே பெரிய டிராலிபஸ் வலையமைப்பு என்று பெயர் வாங்கிய ஊர். இங்கிலாந்திலிருந்து மாடி டிராலிபஸ் வாங்கிப் பார்த்து, அதேபோல யாரோஸ்லாவ்ல் என்ற ரஷ்ய ஊரில் 10 வண்டி கட்டினார்கள். 1953 வரை ஓடின. போர்க்காலத்தில் டிராலிபஸ் கம்பியிலேயே சரக்கு லாரியும் ஓட்டினார்கள். இவ்வளவையும் ஒரு 40 விநாடி வீடியோ ‘பழைய தகரம்’ என்று முடித்துவிடுகிறது. கரண்ட் பஸ்ஸை எடுத்துவிட்டுக் கரண்ட் பஸ் விட்டதற்குப் பெயர் புரட்சியாம்.

“உனக்குப் பழசு மேல பாசம்” என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம், பாசம்தான், அதில் என்ன வெட்கம்? நான் அங்கே படிக்கப் போன முதல் நவம்பரில், கடைக்குப் போய்த் திரும்பும்போது வழி தவறிவிட்டது. நாலரை மணிக்கே இருட்டு. கையில் போன் கிடையாது. தெருப் பலகையில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் கண் இமையில் பனி ஒட்டிக்கொள்கிறது. அண்ணாந்து பார்த்தேன். இரண்டு கம்பி. எங்கள் ஹாஸ்டல் பக்கம் லெனின் அவென்யூவில் டிராலிபஸ் போகும் என்பது மட்டும் தெரியும். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே, அதாவது கண்ணால் பிடித்துக்கொண்டே, நடந்தேன். நிறுத்தம் வந்தது. வண்டி வந்தது. ஏறினால் முன்கதவுக்குள் டிக்கெட் காட்டினால் வழிவிடும் சுழல் தடுப்பு, அதில் என் பையும் மாட்டிக்கொண்டது, மஃப்ளரும் மாட்டிக்கொண்டது. பின்னால் நின்ற பாட்டி ஒருத்தி பையை விடுவித்துக்கொண்டே, குல்லா போடாமல் வந்ததற்கு என்னைக் கிழி கிழி என்று கிழித்தாள். பாதி புரியவில்லை. எங்கள் அம்மா திட்டுகிற ராகம் மட்டும் புரிந்தது.

அந்த வானத்தைத்தான் இப்போது ‘சுத்தம்’ செய்திருக்கிறார்கள்.

அடுத்த கேள்வி: கொம்பு கழன்று நடுரோட்டில் நின்றுவிடுமே? நிற்கும், யார் இல்லை என்றது. ஓட்டுநர் அம்மா ஆரஞ்சு நிற மேல்சட்டையும் தடிமனான கையுறையும் மாட்டிக்கொண்டு இறங்கிப் பின்னால் போய், கயிற்றை இழுத்து மறுபடி கம்பியில் உட்கார வைப்பார். இரண்டு நிமிஷம். 2010 டிசம்பர் உறைமழையில் கம்பியெல்லாம் பனிக்கட்டி கட்டி வண்டிகள் வரிசையாக நின்றதும் உண்மைதான். அதற்காக 87 வருஷத்தைத் தூக்கிப் போடுவீர்களா? உங்கள் எலக்ட்ரிக் பஸ் டன் கணக்கில் பேட்டரியைச் சுமந்துகொண்டு, கடைசி நிறுத்தத்தில் நின்று சார்ஜ் ஏற்றிக்கொண்டு போகிறது. முதலில் வந்த வண்டிகளில் உள்ளே சூடாக்க டீசல் ஹீட்டர். ஆமாம், டீசல்! புகையே இல்லை என்று வீர இசை போட்டீர்களே, அந்த வண்டியில்தான்.

“கம்பி அசிங்கம், அதான் எடுத்தார்கள்.” இதுதான் உண்மைக் காரணம், இதையாவது நேராகச் சொல்லுங்கள். 2015இல் ‘என் தெரு’ என்று திட்டம் போட்டு நடைபாதைக்குக் கிரானைட் பதிக்க ஆரம்பித்த பிறகு, நடுநகரில் கம்பி கழன்றுகொண்டே வந்தது. பீட்டர்ஸ்பர்க்கில் என்ன செய்தார்கள்? கம்பி இருக்கும் இடத்தில் கம்பி, இல்லாத இடத்தில் கொம்பை இறக்கிவிட்டுச் சின்ன பேட்டரியில் ஓட்டம். செக் நாட்டுப் பிராகா நகரம் 1972இல் டிராலிபஸ்ஸை மூடியது, 2017இல் மறுபடி கம்பி கட்டியது. அவர்கள் எல்லாம் முட்டாளா? மாஸ்கோ கழித்துக் கட்டிய வண்டிகளை வாங்கி ஓட்டிய மற்ற ரஷ்ய ஊர்க்காரர்கள், வோரோனெஷ்காரர்களும் சராத்தோவ்காரர்களும், தகரத்திலா ஆபீஸ் போனார்கள்?

“நீ என்ன இன்ஜினியரா?” இல்லை. பயணி. பஸ்ஸைப் பற்றிப் பயணி பேசக் கூடாதா? காரில் போகிறவர்கள்தான் பேச வேண்டுமா?

இவ்வளவும் எழுதியது முன்பின் தெரியாதவர்களுக்காக இல்லை. அந்த வீடியோவைப் பகிர்ந்து, கீழே நான் எழுதிய கமெண்ட்டுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டவன் என் ரூம்மேட். ஐந்து குளிர்காலம் ஒரே அறை. டேய், இதைப் படிப்பாய் என்று தெரியும். பரீட்சைக்கு முந்தின நாள், கம்பியில் ஐஸ் பிடித்து, நீலப் பொறி தெறித்து, நம் வண்டி அப்படியே நின்றதே. எல்லோரும் இறங்கி நடந்துவிட்டார்கள். நீ காய்ச்சலோடு கடைசி சீட்டில் சுருண்டு கிடந்தாய். அந்த ஓட்டுநர் அம்மா கதவை மூடிவிட்டு, தன் பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் டீ ஊற்றி நீட்டினார். எலுமிச்சை போட்ட டீ. எனக்கு ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை நீ.