மரபணு மாற்றம்: ஊசியிடம் கேட்ட கேள்விகளை விதையிடமும் கேட்போம்

மரபணு மாற்றம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கத்தரிக்காய்தான், இன்சுலின் வருவதில்லை. தண்டையார்பேட்டையில் மருந்துக்கடை நடத்தும் எனக்கு இது நெடுநாளாக யோசனையாகவே இருந்து வருகிறது. கடையின் குளிர்பெட்டியில் இருக்கும் மனித இன்சுலின் குப்பிகளில் ‘ஆர்டிஎன்ஏ’ என்ற எழுத்துகள் சிறியதாக அச்சிடப்பட்டிருக்கும். மனித மரபணுவை நுண்ணுயிருக்குள் செலுத்தி, அதைக் கொண்டு தயாரித்த மருந்து என்பதற்கான அடையாளம் அது. வாங்கிச் செல்பவர்களில் யாரும் அதை எதிர்ப்பதில்லை, ஆனால் அவர்களில் சிலர் மரபணு மாற்றுக் கத்தரிக்கு எதிராகக் கையெழுத்திட்டவர்கள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மருந்தை நம்புவதற்கும் விதையை நம்பாமல் இருப்பதற்கும் தக்க காரணம் உண்டு என்றே நான் கருதுகிறேன்.

காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர், தம் கணவருக்காக மாதாமாதம் இன்சுலின் வாங்க வருவார். வீட்டில் குளிர்பெட்டி இல்லை; குப்பியைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி மண்பானைத் தண்ணீரில் வைத்துக் காப்பாற்றுகிறார். ஒருநாள், “தம்பி, இத பன்னியில இருந்து எடுக்கறாங்கன்னு எதிர்வீட்டுல சொல்றாங்களே, நெசமா?” என்று கேட்டார். “முன்னாடி அப்படித்தான் எடுத்தாங்க அக்கா, இப்ப இல்ல” என்று விளக்கினேன். பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்துதான் பல பத்தாண்டுகளாக இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவான தூய இன்சுலினுக்கு இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட பன்றி உறுப்புகள் தேவைப்பட்டன. பன்றி இன்சுலின் நம்முடையதிலிருந்து ஓர் அமினோ அமிலத்திலும் மாட்டு இன்சுலின் மூன்று அமினோ அமிலங்களிலும் வேறுபடுவதால், சிலருக்கு ஒவ்வாமையும் வந்தது. 1978இல் ஈ. கோலை பாக்டீரியாவை மனித இன்சுலின் சுரக்கச் செய்தார்கள்; 1982இல் அது அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. இந்திய நிறுவனங்களே அதைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் நம் தெருக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தது. கல்லீரல் அழற்சி பி தடுப்பூசியின் கதையும் இதுவே. 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் ஈஸ்ட்டைக் கொண்டு அதைத் தயாரித்து, இறக்குமதித் தடுப்பூசியின் விலையில் மிகச் சிறு பங்குக்கு விற்றது. அந்தத் தடுப்பூசியை உள்ளடக்கிய ஐந்து நோய்த் தடுப்பு ஊசி, 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது.

மருத்துவத்தில் இந்தத் தொழில்நுட்பம் நம்பிக்கையைப் பெற்றதற்குக் காரணம் அது தவறே செய்யாதது என்பதல்ல. 1999இல் அமெரிக்காவில் மரபணு சிகிச்சைச் சோதனையில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் இறந்தார். அது மறைக்கப்படவில்லை, விசாரணை நடந்தது, பல சோதனைகள் நிறுத்தப்பட்டன, விதிகள் இறுகின, அத்துறையே சில ஆண்டுகள் பின்தங்கியது. 2018இல் சீனாவில் ஹே ஜியான்குய் என்ற ஆய்வாளர் கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கச் செய்ததாக அறிவித்தபோது உலகமே கண்டித்தது. அடுத்த ஆண்டு அந்நாட்டு நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. நோயாளியின் ஒப்புதல், நெறிமுறைக் குழு, கட்டம் கட்டமான சோதனை, பக்கவிளைவுகளின் வெளிப்படையான பதிவு ஆகிய நான்கும்தான் என் கடைக் குளிர்பெட்டிக்குப் பின்னால் நிற்கின்றன.

நம் மாநிலத்திலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள், ரத்தம் எளிதில் உறையாத கடுமையான ஹீமோபிலியா ஏ நோய் கொண்ட ஐந்து பேருக்கு, ரத்த அணுக்களை உருவாக்கும் அவர்களுடைய குருதித் தண்டு செல்களையே எடுத்து, ரத்தத்தை உறையவைக்கும் புரதமான உறைபொருள் எட்டுக்கான மரபணுவைச் சேர்த்து, மீண்டும் உடலுக்குள் செலுத்தினார்கள். ஐவருக்கும் ரத்தக்கசிவு நின்றது. முடிவுகள் 2024 டிசம்பரில், உலகில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கக்கூடிய ஆய்விதழில் வெளிவந்தன. முழங்கால் வீங்கிய பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு உறைபொருள் ஊசிக்காக அரசு மருத்துவமனைக்கு அலையும் பெற்றோரை அறிந்தவர்களுக்கு இந்தச் செய்தியின் எடை புரியும்.

மருத்துவத்தில் எனக்குள்ள சினம் விலையைப் பற்றியது. எஸ்எம்ஏ எனும் முதுகெலும்புத் தசைச் சிதைவு நோய்க்கான மரபணு சிகிச்சையாகிய ‘16 கோடி ரூபாய் ஊசி’க்காகக் கைக்குழந்தைகளின் படங்களோடு ஊர் ஊராக நிதி திரட்டியதை நாம் எல்லோரும் பார்த்தோம், பகிர்ந்தோம். அரிவாள் செல் ரத்தசோகைக்கு 2023இல் அனுமதி பெற்ற, கிரிஸ்பர் எனும் மரபணு திருத்த முறையிலான சிகிச்சையின் விலை அமெரிக்காவில் 22 லட்சம் டாலர். அந்த நோய் நீலகிரியின் பழங்குடி மக்களிடம் காணப்படுகிறது. கூடலூரில் கூலி வேலைக்குப் போகும் ஒருவரிடம் இந்தத் தொகையைச் சொல்லவே வாய் வராது. ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய, நோயாளியின் நோய் எதிர்ப்பு அணுக்களையே மரபணு மாற்றிப் புற்றுநோயைத் தாக்க அனுப்பும் சிஏஆர்-டி செல் சிகிச்சை, வெளிநாட்டுச் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு வந்திருக்கிறது. அதுவும் பல லட்சம்தான், ஆனாலும் பொது நிறுவனங்கள் இறங்கினால்தான் விலை இறங்கும் என்பதற்கு அது சான்று.

இனி வயலுக்கு வருவோம். பி.டி. பருத்திக்கு 2002 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு, செடியே காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைத் தயாரிக்கச் செய்தது. தொடக்க ஆண்டுகளில் மருந்தடிப்பு குறைந்தது. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் பூச்சி எதிர்ப்புத்திறன் பெறாமல் இருக்க, வயலைச் சுற்றிச் சாதாரணப் பருத்தியையும் விதைக்க வேண்டும் என்று விதி இருந்தது. 450 கிராம் விதைப் பொட்டலத்தோடு அதற்கென 120 கிராம் தனியாகக் கொடுத்தார்கள். பெரும்பாலான உழவர்கள் அதை விதைக்கவில்லை. விதைத்தார்களா என்று போய்ப் பார்க்கவும் ஆளில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்தப் புரதத்துக்குப் பழகிவிட்டது. வீரிய ஒட்டு விதை என்பதால் எடுத்து வைத்து மறுபடி விதைக்கவும் வழியில்லை. பொட்டலம் 1,600 ரூபாய்க்கு மேல் விற்ற விதையின் விலையை, ஆந்திர அரசு வழக்குத் தொடுத்துப் போராடி 2006இல் 750 ரூபாய்க்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் பரவிய ஒரு விதையை, பரவிய பின் முறையாகக் கண்காணித்து ஆண்டுதோறும் உழவருக்கு அறிக்கை தரும் ஏற்பாடே இல்லாமல் விட்டோம்.

பி.டி. கத்தரியை உருவாக்கியதில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு. 2009 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. அப்போதைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு, 2010 பிப்ரவரியில் அதை நிறுத்தி வைத்தார். அந்த ஏழில் சென்னை இல்லை. நம்மாழ்வார் ஐயா போன்றோர் ஊர் ஊராகச் சென்று எதிர்த்ததால்தான் கேள்விகள் மக்களிடம் வந்தன. அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதே வேளையில், காய்த்துளைப்பான் புழுவுக்காகக் கத்தரிக்குத் திரும்பத் திரும்ப மருந்தடித்து, அந்த ஈரம் காயுமுன் பறித்துச் சந்தைக்கு அனுப்பும் நிலை இன்றும் தொடர்கிறது. 2013இல் அனுமதி வழங்கிய வங்கதேசத்தில் மருந்தடிப்பு குறைந்திருப்பதை நாம் படிக்கவாவது வேண்டும். மரபணு மாற்றுக் கடுகு விவகாரத்தில் நடந்ததோ இதைவிட மோசம். 2016இல் மதிப்பீட்டின் சுருக்கத்தை மட்டும் இணையத்தில் போட்டுவிட்டு, முழு ஆவணத்தைப் பார்க்க வேண்டுமானால் முன்பதிவு செய்து டெல்லியில் உள்ள அமைச்சக அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். தாளிக்கும் கடுகைப் பற்றிய ஆவணத்தைப் படிக்க மீஞ்சூர்க்காரர் டெல்லிக்கு ரயில் ஏற வேண்டுமா? பிறகு எப்படி நம்பிக்கை வரும்?

எண்ணூர்க் கழிமுகத்தில் எஞ்சியிருக்கும் வெண்கண்டல் செடியின் இலையைத் திருப்பிப் பாருங்கள். வெண்மையாகச் சிறுசிறு உப்புத் துகள்கள் ஒட்டியிருக்கும். விரலால் தொட்டு நாவில் வைத்தால் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றும் செடி அது. இதே இனத்தின் மரபணுக்களை எடுத்து, உப்பைத் தாங்கும் நெல்லை உருவாக்கும் ஆராய்ச்சியை நம் தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்தியது. அந்த நெல் உழவர் கைக்கு வரவில்லை. வட சென்னைக்கு அப்பால் மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. நகரத்தின் தாகத்துக்காக அங்கே நீரை உறிஞ்சியதும் அதற்கு ஒரு காரணம். பொன்னேரிப் பக்கத்து உழவருக்கு ஓர் உப்பு தாங்கும் நெல் தேவையா என்று அவரிடமே கேட்க வேண்டும். அவருக்குக் குழியடிச்சானும் திருச்சியில் உருவான டிஆர்ஒய் ரகங்களும் போதுமானவையாக இருக்கலாம். நெல் ஜெயராமன் மீட்டெடுத்த மரபு நெல்களில் விடை இருக்கலாம். கண்டலின் மரபணு கொண்ட நெல்லும் வேண்டியிருக்கலாம். மூன்றையும் அதே மண்ணில், அதே தண்ணீரில், அவர் கண்முன்னே பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் வளர்த்துக் காட்டுவதுதான் முறை. கழிமுகத்தைச் சாம்பலாலும் எண்ணெயாலும் நிரப்பி அந்தச் செடியையே அழித்துவிட்டால், எந்த ஆய்வகமும் அந்த மரபணுவைப் புதிதாகப் படைத்துத் தரப்போவதில்லை.

2025 மே மாதத்தில் மத்திய அரசு இரண்டு மரபணு திருத்த நெல் ரகங்களை அறிவித்தது. அவற்றில் ‘கமலா’, நாம் ஆந்திரா பொன்னி என்று வாங்கிச் சமைக்கும் சம்பா மசூரியிலிருந்து வந்தது. வேற்று உயிரின் மரபணு அதில் இல்லை. உள்ளதிலேயே சிறு திருத்தம் மட்டும் செய்திருக்கிறார்கள். இத்தகைய பயிர்களுக்கு 2022இலேயே கடுமையான விதிகளிலிருந்து விலக்கு அளித்துவிட்டார்கள். அறிவியல்படி அதன் அபாயம் குறைவு என்பதை ஏற்கிறேன். பொதுப் பணத்தில், பொது நிறுவனத்தில் உருவானது என்பதை வரவேற்கிறேன். விலக்கு அளித்ததைத்தான் ஏற்க முடியவில்லை. விளைச்சல் கணக்குகளைப் பற்றி எதிர்ப்பாளர்கள் கேள்வி எழுப்பினால், அவற்றை முழுமையாக மக்கள் முன் வைப்பதைவிட நல்ல பதில் இல்லை.

தமிழ்நாடு அரசிடமும் வேளாண் பல்கலைக்கழகத்திடமும் நான் கேட்பது இவ்வளவுதான். எந்த மரபணு மாற்று, மரபணு திருத்த விதையானாலும் அதன் சோதனைத் தரவுகள் முழுவதும் தமிழில் வெளிவர வேண்டும். உழவர் எடுத்து வைத்து மீண்டும் விதைக்கும் உரிமை பறிபோகாத ரகமாக இருக்க வேண்டும். உணவாக விற்கும்போது பொட்டலத்தில் எழுதியிருக்க வேண்டும். என் கடைக் குப்பியில் எழுதியிருப்பதுபோல் அல்லாமல், கண்ணாடி போடாமலே படிக்கும் அளவில். மரபணு சிகிச்சை பெற்றவரைப் பதினைந்து ஆண்டுகள் வரை கண்காணிக்கச் சொல்கிறது மருத்துவ நெறி. ஒரு விதை வயலுக்குப் போன பிறகு பூச்சி, மண், உழவரின் வரவு செலவு ஆகியவற்றை அதே பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, ஒவ்வோர் ஆண்டும் வேளாண் நிதிநிலை அறிக்கையோடு சட்டப்பேரவையில் வைக்கட்டும்.