பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

நேற்று அக்கா மகன் என் கைப்பேசியை வாங்கி விளையாடினான். அது திரும்பி என் கைக்கு வந்தபோது கணக்கில் 799 ரூபாய் குறைந்திருந்தது. என்னடா வாங்கினாய் என்றால், "பெட்டி, மாமா" என்கிறான். பெட்டிக்குள் என்ன? திறந்தால்தான் தெரியுமாம்!

திறப்பதையும் காட்டினான். பெட்டி குலுங்குகிறது, இடுக்கில் பொன்னொளி கசிகிறது, வேண்டுமென்றே இரண்டு நொடி தாமதம். பிறகு வந்து விழுகிறது, ஏற்கெனவே அவனிடம் மூன்று இருக்கும் அதே பச்சைத் தொப்பி. ஒரு பெட்டிக்கு 120 வைரம்; வைரம் என்றால் அந்த விளையாட்டுக்குள் செல்லும் காசு. விற்பதோ 500 வைரக் கட்டாக. நான்கு பெட்டி போக 20 மிஞ்சும். அதை வைத்து ஒன்றும் வாங்க முடியாது, விட்டுவிடவும் மனம் வராது. இந்தக் கணக்கைப் போட்டவன் கெட்டிக்காரப் பாவி.

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டை 2003இலேயே தடை செய்துவிட்டார்கள். பெல்ஜியத்தில் 2018இல் காசுக்கு விற்கும் இத்தகைய பெட்டிகளையும் சூதாட்டம் என்றார்கள். மறு ஆண்டு பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவின் முன் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனத்தின் பிரதிநிதியோ, இவற்றுக்கு 'ஆச்சரியப் பொறிமுறைகள்' என்று பெயர் சூட்டினார்; பொம்மை ஒளித்த சாக்லேட் முட்டையைப் போலத்தானாம். முட்டையில் சாக்லேட்டாவது மிஞ்சும், அம்மா!

பணத்தைத் திருப்பிக் கேட்டு விளையாட்டை நடத்தும் நிறுவனத்துக்கு எழுதினேன். வருந்துகிறோம் என்று தானியங்கிப் பதில் வந்தது. கூடவே, இலவசமாக ஒரு பெட்டி.