பஞ்சில் பனி எதற்கு? தெருவில் பூ கொட்டிக் கிடக்கிறது

டிசம்பர் வந்தால் பஞ்சு ஒட்டிய பனிமனிதன், அக்டோபர் வந்தால் ஆரஞ்சு நிற மேப்பிள் இலை. பெங்களூரு வீடுகளில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் செய்யும் ‘சீசன் கிராஃப்ட்’ பெரும்பாலும் இதுதான். ஆனால் இந்த ஊரில் அக்டோபரில் பெய்வது மழை. மரங்கள் இலை உதிர்ப்பது ஜனவரி, பிப்ரவரியில். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதைத்தான் பிள்ளை கையால் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடை கிட் எதுவும் வேண்டாம். அந்த மாதம் தெருவில் கிடப்பதும் ஒரு கிண்ணம் பசையும் போதும்.

பசைக்கு மைதா ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பில் வையுங்கள். கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டினால் உருண்டை கட்டும். கிளறிக்கொண்டே இருங்கள்; வெள்ளை மாறிக் கூழ் பளபளத்தால் வெந்துவிட்டது. வேகாத மாவு காய்ந்ததும் உதிரும். பைண்டிங் கடைகளில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளை கை வைக்கும் பசையில் கூடவே கூடாது. மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

பிப்ரவரி, மார்ச்சில் கப்பன் பார்க்கிலும் பல சாலையோரங்களிலும் இளஞ்சிவப்பு டபேபுயா மரத்தின் பூ கொட்டும். அதை அப்படியே காகிதத்தில் ஒட்டினால் சீக்கிரமே பழுப்பாகிச் சுருங்கிவிடும், இதழில் அவ்வளவு ஈரம். காலையில் விழுந்த பூவாகப் பொறுக்கி, குழல் பகுதியை நீளவாக்கில் பிரித்துத் தட்டையாக்கி, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். முதல் மூன்று நாளும் தாளை மாற்ற வேண்டும். வழவழப்பான வாரப் பத்திரிகைத் தாள் ஈரத்தை உறிஞ்சாது, அதில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இவ்வளவு செய்தும் நிறம் கொஞ்சம் மங்கும். பொறுமையில்லாத பிள்ளைக்குக் காகிதப்பூ நல்லது, ஒரே வாரத்தில் காய்ந்து நிறமும் நிற்கும். ஏப்ரல், மே மாதங்களில் குல்மோஹர் பூத்தால் பசைகூட வேண்டாம். பூவின் அடியில் இருக்கும் புல்லிதழ் ஐந்தையும் பிரித்து விரலுக்கொன்றாக நகத்தின் மேல் ஒட்டிவிட்டால் பிள்ளை அரை மணி நேரம் ராணி.

வருடத்தின் பெரிய வேலை பிள்ளையார் சதுர்த்தி. களிமண்ணுக்குப் பாட்டரி டவுன் பக்கம் போய்க் குயவர்களிடம் கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு அரைக் கிலோ தாராளம். தொப்பைக்கு எலுமிச்சை அளவு, தலைக்கு நெல்லிக்காய் அளவு, கை காலுக்குச் சுண்டுவிரல் தடிமனில் நான்கு துண்டு. இரண்டு துண்டைச் சேர்க்கும் இடத்தில் பல்குத்தும் குச்சியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, தோசைமாவுப் பதத்தில் கரைத்த களிமண்ணைத் தடவி அழுத்த வேண்டும். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டினால் காய்ந்ததும் கை கழன்று விழும். தும்பிக்கையைத் தொங்கவிடாமல் தொப்பையோடு ஒட்டிவிடுங்கள்.

விரிசல் வருவதற்குக் காரணம் மண் அல்ல, அவசரம். மெல்லிய காதும் கையும் முதலில் காய்ந்து சுருங்கும், தொப்பை உள்ளே ஈரமாகவே இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் பிளந்துகொள்ளும். அதனால் வெயிலிலும் ஃபேனடியிலும் வைக்காதீர்கள். முதல் நாள் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் போர்த்தி, பிறகு இரண்டு மூன்று நாள் நிழலில். இங்கே அது மழைக்காலம், இன்னும் ஒரு நாள் கூடலாம். சதுர்த்திக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்தால் நடக்காது. பிள்ளை வைத்த காது கோணலாக இருந்தால் இருக்கட்டும், நீங்கள் திருத்தாதீர்கள். திருத்தினால் அது உங்கள் பிள்ளையார்.

கண்ணுக்கு நம் வழக்கம் குன்றிமணி. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். உடைத்தோ மென்றோ விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மிளகு வைக்கலாம். மூன்று வயதுக்குக் கீழே என்றால் மிளகும் மூக்குக்குள் போகும், குச்சியால் குழி போட்டாலே கண் வந்துவிடும்.

கார்த்திகைக்கு அகலில் கலர் அடிப்பதில் வரிசை முக்கியம். புது அகலை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தால் எண்ணெய் குடிக்காது. அதன் பிறகு ஒரு நாள் காயவைத்துத்தான் கலர். முதலிலேயே அடித்துவிட்டு ஊறப்போட்டால் எல்லாம் கரைந்துவிடும். வெளிப்பக்கம் மட்டும் அடிக்கட்டும். திரி வரும் மூக்குப் பக்கம் ஒரு விரல் அகலம் விட்டுவிடுங்கள், அங்கே சூட்டில் கலர் கருகி நாறும்.

கன்னடக் கார்த்திகை மாதக் கடைசித் திங்களன்று பசவனகுடியில் கடலைக்காய் பரிஷே, அதாவது நிலக்கடலைத் திருவிழா. இரண்டு பருப்புள்ள பெரிய காயாகப் பொறுக்கி, அடியில் மூன்றில் ஒரு பங்கை உடைத்து, பருப்பை எடுத்துவிட்டால் பிள்ளையின் விரல் நுனிக்கு மாட்டும் பொம்மை தயார். முகத்தை ஸ்கெட்ச் பேனாவால் வரையலாம். விளிம்பைத் தேய்த்துவிடுங்கள், கூர் குத்தும். வீட்டில் யாருக்காவது கடலை அலர்ஜி இருந்தால் இதைத் தொடாதீர்கள். பச்சைக்காயை இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகே எடுங்கள். வேகவைத்த காயின் ஓடு உதவாது, ஊறிப்போய் விரல் பட்டாலே நசுங்கும்.