பழைய வேன் என்றால் அவ்வளவு இளக்காரமா?

அந்த வீடியோவை இன்னும் யாராவது எனக்கு அனுப்பாமல் பாக்கி இருந்தால், தயவுசெய்து அனுப்ப வேண்டாம். பார்த்தாயிற்று. எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கிற சோதனைக்கு, வந்த ஒரு பழைய வேன், சோதிக்கிறவர் கதவுக்குக் கீழே துருப்பிடித்த தகரத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துகிறார், அது மறுபக்கம் போய்விடுகிறது, பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மேலே எழுதியிருந்த வரியும் உங்களுக்குத் தெரியும்: "பதினஞ்சு வருஷ வண்டியெல்லாம் பேரீச்சம்பழத்துக்குப் போடுங்கப்பா." அதற்கு ஹார்ட் போட்டவர்களில் என் வேனில் ஏறி வீடு போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. சரி, இருக்கட்டும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வேனின் வயதைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், அடியில் படுத்துப் பார்த்து எழுதுங்கள்.

வயது ஏற ஏற எஃப்.சி.யில் தேறாமல் நிற்கிற வண்டி அதிகம் என்பது எனக்கும் தெரியும். எதனால் நிற்கிறது என்று கேளுங்கள். பிரிட்டனில் ஒரு வண்டியின் எண்ணைப் போட்டால் அதன் சோதனை வரலாறு இணையத்தில் வந்துவிடும். எப்போது எதனால் நின்றது, அன்று எத்தனை மைல் ஓடியிருந்தது, எல்லாம் இருக்கும். அங்கே பெரும்பாலும் வண்டியை நிறுத்துவது விளக்கு, சஸ்பென்ஷன், பிரேக், டயர். எரியாத பின்விளக்குக்கும் பதினைந்து வயதுக்கும் என்ன சம்பந்தம்? காலையில் வண்டியை எடுக்கும்போது ஒரு சுற்று சுற்றி வந்திருந்தால் தெரிந்திருக்கும். மொட்டை டயரும் அப்படித்தான். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே பட்டன், அதாவது டயரின் மேல் வெட்டு, தேய்ந்தால் பல நாடுகளில் வண்டி நிற்கும். இரண்டு வயது வேனிலும் டயர் தேயும், இருபது வயது வேனிலும் தேயும்.

என் வேன் போன முறை நின்றது. மறைக்க என்ன இருக்கிறது? உருளை மேல் ஏற்றிப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார்கள். பின்பக்கம் வலது சக்கரம் நன்றாகப் பிடிக்கிறது, இடது சக்கரம் பாதிதான் பிடிக்கிறது. ஓட்டும்போது எனக்கு அது தெரியவே இல்லை, காலி வண்டியில் பிரேக்கின் பெரும்பாரத்தை முன்சக்கரம்தான் தாங்குகிறது. சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிரம்மைக் கழற்றினால், பிரேக் கட்டையைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பர் போய், பிரேக் ஆயில் கசிந்து, டிரம்மில் உரசிப் பிடிக்கிற லைனிங் முழுக்க ஊறிக் கிடக்கிறது. டிரம்முக்குள் கறுப்புச் சேறு. கையில் தொட்டால் வழுக்குகிறது, அதை வைத்து எந்தச் சக்கரம் நிற்கும்? மெக்கானிக் தம்பி சொன்னான்: "அண்ணே, வண்டிக்கு ஒண்ணும் ஆகல. ஒரு ரப்பர்தான்." சிலிண்டரை மாற்றி, இரண்டு பக்கமும் புது லைனிங் போட்டு, மறுபடி கொண்டுபோய்க் காட்டினேன். பாஸ். எஃப்.சி. என்பதே இதற்குத்தானே? நமக்குத் தெரியாததை வேறொருவர் பார்த்துச் சொல்வதற்கு. நின்ற வண்டி எல்லாம் செத்த வண்டி என்று யார் சொன்னது?

அதே நாளில் எனக்கு முன்னால் ஒரு புது டெலிவரி வேன். டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு அணையவே இல்லை, முன் டயர் இரண்டும் உள்பக்கம் கம்பி தெரியத் தேய்ந்திருந்தன. நாள் முழுக்க நின்று நின்று போகிற வண்டி, மாற்றி மாற்றி ஓட்டுகிற டிரைவர்கள், இது தன்னுடையது என்று குனிந்து பார்க்க ஒருவரும் இல்லை. அதை எடுத்து யாரும் வீடியோ போடவில்லை. பெயிண்ட் பளபளப்பாக இருந்ததே!

"சட்டமே வயதைப் பார்க்கிறது, நீங்கள் என்ன பெரிசாகப் பேசுகிறீர்கள்?" என்று ஒருவர் வருவார், தெரியும். வரட்டும். இந்தியாவில் வாடகைக்கும் சரக்குக்கும் ஓடுகிற வண்டிக்கு எட்டு வயது வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி., அதற்குப் பிறகு ஆண்டுதோறும். அதன் பொருள் 'வயதானதை அடிக்கடி பார்' என்பது, 'உடைத்துப் போடு' என்பதல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் குறைந்தபட்ச விதியில் சிறிய வேன்களுக்கு 4 ஆண்டில் முதல் சோதனை, பிறகு 2 ஆண்டுக்கு ஒன்று. பிரிட்டனில் 1960-இல் இந்தச் சோதனை வந்தபோது 10 ஆண்டு ஆன வண்டிகளுக்கு மட்டும்தான். 1967-இல் அதை 3 ஆண்டுக்கு இறக்கினார்கள். பழசில் மட்டும்தான் ஆபத்து என்றால் ஏன் இறக்க வேண்டும்? அதே நாட்டில் 40 வயது தாண்டி, பெரிதாக மாற்றாமல் வைத்திருக்கும் பழங்கால வண்டிகளுக்கு இந்தச் சோதனையே கட்டாயமில்லை. பணக்காரர் கொட்டகையில் துடைத்து வைத்தால் அது பாரம்பரியம். நான் மூட்டை ஏற்றி ஓட்டினால் டப்பா.

துருவுக்கு வருகிறேன், வீடியோ அதைப் பற்றித்தானே. துரு ஆபத்து. எந்த இடத்துத் துரு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கதவில் கொப்புளம் விட்டால் அசிங்கம், அவ்வளவுதான். சீட் பெல்ட் மாட்டிய இடம், ஸ்பிரிங் பட்டையைத் தாங்குகிற பிராக்கெட், ஸ்டியரிங் பெட்டி உட்கார்ந்திருக்கிற சேஸிஸ், பிரேக் குழாய், இங்கெல்லாம் அரித்தால் அந்த வண்டி ரோட்டுக்கு வரவே கூடாது. பிரிட்டனில் இப்படிப்பட்ட இடங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டர் வரைக்கும் தகரம் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வீடியோவில் வந்த வேன் நின்றது நியாயம். நிறுத்தியவர் தன் வேலையைச் செய்தார். சிரித்தவர்களைத்தான் கேட்கிறேன். அந்த ஓட்டை ஒரே ராத்திரியில் வந்ததா? தண்ணீர் வடிகிற துளையில் மண் அடைத்துக்கொள்ளும், உள்ளுக்குள் ஈரம் நிற்கும், மேலே தார் பூசி மூடுவார்கள், தாருக்கு அடியில் அது பாட்டுக்குத் தின்னும். அந்தத் துளையை யாராவது ஒரு கம்பியால் குத்திவிட்டிருந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிறைய வேன்களில் பின் அச்சருகே ஒரு வால்வு இருக்கும். ஏற்றிய பாரத்துக்குத் தகுந்தபடி பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டும், குறைக்கும். சேறு படிந்து அதன் கம்பி இறுகிவிட்டால், காலி வண்டிக்கு விடுகிற அழுத்தத்தையே முழு பாரத்துக்கும் விட்டுக்கொண்டிருக்கும். பெரும்பாலான டிரைவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இதையெல்லாம் சொல்லித்தர ஒரு வீடியோ போட்டால் எத்தனை பேருக்கு உயிர் மிஞ்சும்? போட மாட்டார்கள். அதில் சிரிப்பு வராதே.

"புகை?" புகைக்குத்தான் தனிச் சோதனை இருக்கிறதே, தேறினால் ஓடட்டும், தேறாவிட்டால் நிற்கட்டும். டீசல் தெளிக்கிற இன்ஜெக்டரையும் ஏர் ஃபில்டரையும் கவனித்தால் பாதிக் கறுப்பு போய்விடும். இதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு வாதாட ஆசையில்லை.

"எஃப்.சி. அன்றைக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, மறுநாளே கழற்றுகிறீர்களே" என்பது அடுத்த கேள்வி. செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்ததில்லை, செய்கிறவர்களுக்கு நான் வக்காலத்தும் வாங்கவில்லை. ஆனால் அது ஏமாற்று வேலை. ஏமாற்றுகிறவன் எந்த வருஷத்து வண்டி வைத்திருந்தாலும் ஏமாற்றுவான்.

இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு வீடியோ மட்டும் காரணமில்லை. என் மகளிடம் அவள் தோழி கேட்டாளாம், "உங்கப்பா இன்னும் அந்த டப்பாதான் ஓட்றாரா?" என்று. குழந்தை, அது என்ன செய்யும்? வீட்டில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுச் சொல்கிறது. என் மகள் என்னிடம் சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை. அந்த டப்பாவில்தான் அவளுடைய பள்ளிக் கட்டணம் வருகிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் முகத்தைப் பார்க்கவில்லை.

கடன் வாங்கிப் புது வேன் எடுக்கச் சொல்கிறவர்களே, தவணை கட்ட நீங்கள் வருவீர்களா? தவணைக்குப் பயந்து லைனிங் மாற்றாமல் ஓட்டுகிறவனையும் நான் பார்த்திருக்கிறேன், வண்டி புதுசுதான்.

கமெண்டில் சண்டைக்கு வருகிறவர்கள் வாங்க. வரும்போது உங்கள் வண்டி எந்த வருஷம், கடைசியாக டிரம்மை எப்போது கழற்றிப் பார்த்தீர்கள், போன எஃப்.சி.யில் என்னென்ன எழுதிக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்க. சிரிக்கிற பொம்மை மட்டும் போட்டால் பிளாக் செய்துவிடுவேன்.