டைபாய்டு ஊசியை மறந்துவிட்டீர்களே
அரசு ஊசியைக் கட்டாயமாக்கும் வழக்கம் கோவிட்டோடுதான் வந்தது என்று கட்டுரை சொல்வது சரியில்லை. மலேசியாவில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலையில் சோறு பரிமாறுபவரும் பினாங்கில் நாசி கண்டார் என்ற சோற்றுக்குக் குழம்பு ஊற்றுபவரும் அந்நாட்டின் 2009 உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முதலாளிக்கும் உண்டு. தோள் தசையில் 0.5 மில்லிலிட்டர், ஒரே ஊசி, 3 ஆண்டுக்கு ஒருமுறை. இதை யாரும் உரிமைப் பறிப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் மேலே கருத்து எழுதிய ஒருவர், ஊசி போட்டதற்கான 'அட்டை இருந்தால் போதும்' என்கிறாரே, அங்கேதான் சிக்கல். ஊசி வேலை செய்ய 2 வாரமாகும். இன்று போட்டுவிட்டு நாளைக்கே சாம்பார் வாளியைக் கையில் கொடுத்தால் என்ன பயன்? டைபாய்டு போன்ற இன்னொரு காய்ச்சலான பாராடைபாய்டை அது தடுக்காது. பித்தப்பையில் ஏற்கெனவே டைபாய்டு கிருமியைச் சுமப்பவரிடம் ஊசி பலிக்கவே பலிக்காது: அவருக்குக் காய்ச்சலே இருக்காது, மலத்தில் மட்டும் கிருமி போய்க்கொண்டிருக்கும். கழிவறைக் குழாயடியில் சோப்பு இல்லாத கடை என்றால் (எத்தனை கடையில் இருக்கிறது?) அது நேரே தட்டுக்கு வந்துவிடும். அப்படிப்பட்டவரைக் கண்டுபிடிக்க மலப் பரிசோதனைதான் முக்கிய வழி. அதுவும் ஒருமுறை செய்தால் போதாது, கிருமி விட்டுவிட்டுத்தான் வெளியேறும்.