விலகல் கடிதத்தில் கையெழுத்து வைக்க முன்

கடந்த மாதம் ஆரையம்பதியிலிருந்து என் மனைவியின் உறவுப் பெண் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மட்டக்களப்பு நகரில் ஒரு புடவைக் கடையில் ஆறு வருடம் வேலை செய்தவர். ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, "நீங்களாகவே விலகினால் மரியாதை" என்று சொல்லி, முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்திருந்த கடிதத்தில் முதலாளி கையெழுத்து வாங்கிவிட்டார். கடிதத்தின் பிரதி அந்தப் பெண்ணிடம் இல்லை. மாதச் சம்பளத்தைத் தன் கையால் எழுதிவந்த சீ.ஆர். கொப்பி ஒன்றும் வட்ஸ்அப்பில் வந்த ஒரு குரற்பதிவும் மட்டுமே இருந்தன.

"கையெழுத்து வச்சிட்டன் மாமா, இனி என்ன செய்யேலும்?" என்று கேட்டார்.

இப்படியான பேச்சு வரும்போது இலங்கை அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரையைச் சொல்லித் தேற்றுவது நம்மிடையே வழக்கம். இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறப்பிடம் ஆகியவற்றின் பெயரால் பாரபட்சம் காட்டக்கூடாது என்று அது சொல்வது உண்மைதான். ஆனால் அந்த உரிமை மீறப்பட்டதென்று ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போவது அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகத்தான்; கடை முதலாளிக்கு எதிராக அந்தக் கதவு திறக்காது. வேலையிலும் தொழிலிலும் பாரபட்சத்தைத் தடுக்கும் 111 ஆம் இலக்கச் சர்வதேசத் தொழிலாளர் சமவாயத்தை இலங்கை 1998 இல் ஏற்றுக்கொண்டபோதிலும், தனியார் துறை முழுவதற்கும் பொருந்தும் தனியொரு பாரபட்சத் தடைச் சட்டம் இன்னும் இல்லை. ஆளெடுக்கும்போது எந்த ஊர், எந்தச் சமயம் என்று விசாரித்துக் கழித்துவிடுவதைத் தமிழ்க் கடைகளும் செய்கின்றன, முஸ்லிம் கடைகளும் செய்கின்றன. இதில் ஒருவர் மற்றவரைக் குறைசொல்ல இடமில்லை.

ஆகவே தனியார் ஊழியர் பக்கவாசலால்தான் நுழைய வேண்டியிருக்கிறது. 1971 ஆம் ஆண்டின் பணிநீக்கச் சட்டம் பதினைந்து பேருக்குக் குறைந்த இடங்களைத் தொடாது. அந்தக் கடையில் ஒன்பது பேர். "சின்னக் கடைக்குச் சட்டம் இல்லை" என்று பலர் அத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அது தவறு. 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் கர்ப்பம் என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை நீக்குவதைத் தடைசெய்கிறது. 2018 இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. பணிநீக்கம் நியாயமற்றதென்றால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம், அதற்குக் கடையின் அளவு தடையில்லை.

அந்தக் கையெழுத்துத்தான் சிக்கல். தானாக விலகியவரை யாரும் நீக்கவில்லை என்பதே மறுதரப்பின் முதல் வாதமாக இருக்கும். வற்புறுத்தி வாங்கிய விலகல் உண்மையில் பணிநீக்கமே என்று வாதாடலாம், ஆனால் அதை நிரூபிக்கும் சுமை அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது. மௌனமாக இருக்கும் ஒவ்வொரு நாளும் அவர் விருப்பத்தோடு போனார் என்ற கதைக்கே பலம் சேர்க்கும்.

அன்று மாலையே, விலகல் தன் விருப்பத்தால் நடக்கவில்லை, தொடர்ந்து வேலை செய்ய ஆயத்தமாக இருக்கிறேன் என்று முதலாளிக்குக் கடிதம் எழுதினோம். மறுநாள் பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டை அதே சீ.ஆர். கொப்பிக்குள் வைத்தார். குரற்பதிவை என் தொலைபேசிக்கும் அனுப்பச் சொன்னேன். ஆறு மாதத்தில் ஏழு வாரம் ஏற்கெனவே போய்விட்டது. பிள்ளை பிறக்கும் திகதியும் அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது.